வாசிகசாலையை இடிக்குமுன்: எங்கள் உள்ளூராட்சி சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். டவுனில் இருக்கும் பழைய வாசிகசாலையை இடித்துவிட்டு நான்கு மாடிக் கட்டடம் எழுப்பும் யோசனை சபையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கீழ்த் தளத்தில் கடைகள், அதற்கு மேல் அலுவலகம், மூன்றாம் மாடியில் நூலகம், உச்சியில் விழா மண்டபம் என்று வரைபடமும் தயாராம். சொல்லப்படும் காரணம் ஒன்றுதான். கட்டடம் பழசாகிவிட்டது, ஈரம் தாங்கவில்லை, புத்தகமெல்லாம் பூஞ்சணம் பிடித்துப் போகிறது.

பூஞ்சணம் உண்மைதான். போன மாதம் நானே பார்த்தேன். மேற்குச் சுவர் ஓரத்து அலுமாரியில் இருந்து பழைய வீரகேசரிப் பத்திரிகை பைண்டிங் ஒன்றை இழுத்தேன். அட்டை கையோடு வந்தது, உள்தாள்கள் வரவில்லை. எல்லாம் ஒன்றாய் ஒட்டி, ஊறின பாண் மாதிரி ஆகியிருந்தது. விரலில் சாம்பல் நிறத்தில் ஒரு பொடி. தும்மல் நிற்க அரை மணி நேரம் ஆனது.

ஆனால் அந்த ஈரம் கட்டடம் பழசானதால் வரவில்லை. பழுதுபார்க்கிறோம் என்று முப்பது வருடமாக நாம் செய்த வேலைகளால் வந்தது. இதைச் சொல்லத்தான் இந்த மடல். 'நாம்' என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அந்த வேலைகளில் ஒன்றுக்கு வாசகர் வட்டக் கூட்டத்தில் எழுந்து நின்று நன்றி சொன்னவள் நான். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஊரின் பெயரையும் சபையின் பெயரையும் இதில் போடவில்லை. உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மலையகத்தில் இன்னும் சில சபைகள் இதைத் தங்களுக்கு எழுதியதாக எடுத்துக்கொண்டாலும் நல்லதே.

முதன்முதலில் நான் அங்கே போனது 1973இல், பதினொரு வயதில். பாணுக்கு வரிசையில் நின்ற காலம். அப்பா கவ்வாத்துக்காரர், தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டுகிறவர். சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து, கை கால் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு என்னைக் கூட்டிப் போனார். ரோட்டில் இருந்து ஏழு கல்படி. மேலே வராந்தா, அதைத் தாண்டி இரட்டைக் கதவு. படி ஏறி வராந்தா வரைக்கும் வந்தவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். "நீ போயிட்டு வா பாப்பா, நான் இங்கனயே நிக்கிறேன்" என்றார். ஒரு மணி நேரம் கழித்து நான் திரும்பி வரும்போதும் அதே தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், வெறுங்காலோடு.

அந்தக் கட்டடம் நமக்காகக் கட்டப்பட்டது இல்லை என்பது எனக்குத் தெரியும். துரைமார் சீட்டாடவும் இங்கிலாந்துப் பத்திரிகை படிக்கவும் கட்டிய இடம் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். கல் சுமந்தவர்கள் நம் ஆட்கள், உள்ளே உட்கார்ந்தவர்கள் வேறு ஆட்கள். ஆகவே பழமை என்ற ஒரே காரணத்துக்காக அதைக் கட்டிப்பிடித்து அழ நான் வரவில்லை. மலைக்காலநிலை தெரிந்து கட்டப்பட்ட கட்டடம் அது. அந்த அறிவை இடித்துக் குப்பையில் கொட்டிவிட்டு, கொழும்புக்கு வரைந்த படத்தை இங்கே கொண்டுவந்து நடப்போகிறோம் என்பதுதான் என் கவலை.

கூரையில் இருந்து தொடங்குகிறேன். லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், தகரத்துக்குக் கீழே படுத்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் தகரம் வியர்க்கும். வெளியே மழைத்துளி இருக்காது, பனிதான் இறங்கியிருக்கும், ஆனாலும் போர்வையில் சொட்டுச் சொட்டாக விழும். இரவில் தகரம் சட்டென்று குளிர்ந்துவிடுகிறது. வீட்டுக்குள் இருக்கும் மூச்சும் அடுப்பின் ஆவியும் மேலே போய் அதில் பட்டவுடன் தண்ணீராகிறது. உலை மூடியைத் தூக்கினால் அடியில் நீர் நிற்குமே, அதே கதை.

வாசிகசாலைக்கும் தகரக் கூரைதான். ஆனால் அதைக் கட்டியவர் தகரத்தின் குணம் தெரிந்தவர். தகரத்துக்குக் கீழே ஒரு ஆள் குனிந்து நடக்கிற அளவுக்கு வெற்றிடம், அதற்கும் கீழே கெட்டிப் பலகையில் சீலிங். இரண்டு முனைச் சுவர்களின் உச்சியிலும் சாய்வாகப் பலகை அடுக்கிய காற்றுவாய்கள். மழை உள்ளே வராது, காற்று மட்டும் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் போய்விடும். தகரம் வியர்த்தாலும் அந்தக் காற்று காய வைத்துவிடும். ஒன்றிரண்டு சொட்டு தப்பி விழுந்தால் பலகை குடித்துக்கொள்ளும், பகலில் விட்டுவிடும். கீழே புத்தகத்துக்கு எதுவும் தெரியாது.

தொண்ணூறுகளில் அந்தக் காற்றுவாய்களுக்குள் வௌவால் குடியேறியது. நாற்றம் தாங்கவில்லை. வாசகர் வட்டம் மனுக் கொடுத்தது. சபை ஆள் அனுப்பி இரண்டு காற்றுவாய்களையும் பலகை அடித்து மூடியது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நன்றி சொன்னவள் யார் என்று கேட்கவேண்டாம். கம்பிவலை அடித்திருந்தால் வௌவாலும் வந்திருக்காது, காற்றும் நின்றிருக்காது. அப்போது யாருக்கும் தோன்றவில்லை. மூன்று வருடத்தில் சீலிங் பலகை உளுத்தது. அதைப் பிரித்துவிட்டு மெல்லிய தகடுகளைத் தகரத்துக்கு ஒட்டினாற்போலவே அடித்தார்கள். இப்போது வியர்வை நேராகத் தகட்டில் இறங்கி, ஆணி அடித்த ஓட்டை வழியாக அலுமாரி மேல் சொட்டுகிறது. வீரகேசரி தொகுதிகள் நிற்பது அந்த வரிசைக்கு நேர் கீழே.

அடுத்தது தரை. பழைய தரை மரத்தில்தான் இருந்தது. நிலத்தில் இருந்து இரண்டடி உயர்த்திப் போட்ட பலகை. யார் நடந்தாலும் கிரீச்சென்று காட்டிக்கொடுத்துவிடும், அதனாலேயே எல்லோரும் மெதுவாக நடப்போம். தரைக்கும் மண்ணுக்கும் நடுவே காற்றோட, அத்திவாரச் சுவரைச் சுற்றி இரும்புச் சல்லடை போட்ட துவாரங்கள் இருந்தன. சின்ன வயதில் ஒரு துவாரத்துக்குள் என் பென்சில் விழுந்து, குச்சி விட்டு எடுத்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு ரோட்டை அகலப்படுத்தி நடைபாதை போட்டபோது சீமெந்து அந்தத் துவாரங்களுக்கு மேலே ஏறிவிட்டது. ஒரு மழைக்காலம், இரண்டு மழைக்காலம். பலகை பஞ்சு மாதிரியானது. "பழசு, என்ன செய்வது" என்று பெயர்த்துவிட்டு, மண் நிரப்பி டைல்ஸ் பதித்தார்கள். திறப்பு விழாவும் நடந்தது. இப்போது ஆடி மாதத்தில் அந்த டைல்ஸ் மேல் ஒரு கடதாசியைப் போட்டுவிட்டுக் கால் மணி கழித்து எடுத்துப் பாருங்கள், நனைந்திருக்கும்.

சுவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே எடுக்கும், வெளியே விடும். அதற்கு மேலே சீமெந்துப் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்டும் ஏறிவிட்டதால் எடுத்த ஈரம் விட வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. வருடாவருடம் பெயின்ட் கொப்பளித்து உரிவதும், வருடாவருடம் மேலே இன்னொரு பூச்சுக்குக் காசு ஒதுக்குவதும் அதனால்தான்.

இனி கணப்பு. என் மனதுக்கு மிக நெருக்கமான இடம் அது. பெரிய வாசிப்பறையின் கோடியில் கல்லில் கட்டிய கணப்பு இருந்தது. அந்தக் காலத்து லைப்ரேரியன் ஐயா தென்மேற்குப் பருவமழை பிடித்த நாட்களில், ஆனி ஆடியில், மத்தியானம் இரண்டு மணி நேரம் அதில் நெருப்புப் போடுவார். விறகு வேறெங்கும் இல்லை, பக்கத்துத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கி வந்த மிலாறுதான், வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி. மிலாறு புகை அதிகம் இல்லாமல் நின்று எரியும். முன்னால் ஒரு இரும்புத் திரை, பக்கத்தில் ஒரு வாளி மணல். அவர் எழுந்து போக வேண்டியிருந்தால் பெரிய பிள்ளை ஒன்றைக் காவல் வைத்துவிட்டுத்தான் போவார். ஒருமுறை அந்தக் காவல் எனக்குக் கிடைத்தது. படிக்க எடுத்த புத்தகத்தில் ஒரு வரிகூட ஓடவில்லை, நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புத்தகம் இருக்கும் இடத்தில் நெருப்பா என்று இன்று யாரும் முகம் சுளிப்பார்கள், நியாயம்தான். நெருப்பு வேண்டாம். ஆனால் நெருப்பு இல்லாத நாளிலும் அந்தப் புகைக்கூண்டு வேலை செய்தது. அறைக்குள் இருக்கும் ஈரக் காற்றை அது மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். நனைந்த குடையோடும் கம்பளியோடும் நாற்பது பேர் உள்ளே உட்கார்ந்திருந்தாலும் ஜன்னல் கண்ணாடியில் ஆவி படியாது. புகைக்கூண்டின் வாயைக் கொங்கிரீட் பலகையால் மூடியது எந்த வருடம் என்று நினைவில்லை. கணப்பு இருந்த இடத்தில் இப்போது தொலைக்காட்சி நிற்கிறது, அதுவும் வேலை செய்வதில்லை.

மர ஜன்னல்களுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மேலும் கீழும் தள்ளித் திறக்கிற ஜன்னல்கள். மேல்பாதியை ஒரு சாண் இறக்கிவிட்டால் மழை அடிக்காது, காற்று வரும். அவற்றைக் கழற்றிவிட்டுத் திறக்கவே முடியாத அலுமினியக் கண்ணாடி பொருத்தினார்கள். பார்க்க டீசன்ட்டாக இருக்கிறது என்று பாராட்டும் கிடைத்தது.

காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் தாளில் பூஞ்சணம் பிடிக்கும். மலையின் மேற்குச் சரிவில் மழைக்காலத்தில் வெளியே அதைவிட எவ்வளவோ அதிகம் இருக்கும். அந்த ஊரில் ஒரு கட்டடம் எண்பது தொண்ணூறு வருடம் மின்விசிறிகூட இல்லாமல் புத்தகத்தைக் காய்ந்ததாக வைத்திருந்தது. கூரைக் காற்றுவாய், தரைத் துவாரம், புகைக்கூண்டு, ஜன்னல் என்று அது மூச்சுவிட்ட ஒவ்வொரு இடத்தையும் நாம் ஒவ்வொன்றாய் அடைத்தோம். இப்போது மூச்சுத் திணறுகிறது என்று சொல்லி இடிக்கப் பார்க்கிறோம்.

புதுக் கட்டடத்தில் ஏசி போடலாம் என்று ஒரு உறுப்பினர் சொன்னாராம். போடலாம். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியபோது சபை எதையெல்லாம் அணைத்தது என்பதை நினைத்துப் பாருங்கள். பகலில் ஏசியை ஓடவிட்டு இரவில் நிறுத்தினால், குளிர்ந்து கிடக்கும் அலுமாரியிலும் அட்டையிலும் மலைக்காற்றின் ஈரம் வந்து படியும். ஏசியே இல்லாமல் இருப்பதைவிட அது மோசம்.

அப்புறம் அந்த மூன்றாம் மாடி. புத்தகம் பாரம். வீடு மாறியவர்களுக்குத் தெரியும், துணிப்பெட்டியை ஒருவர் தூக்குவார், புத்தகப்பெட்டிக்கு இரண்டு பேர் வேண்டும். நெருக்கமாக அலுமாரி நிற்கும் புத்தக அறையின் தரையைச் சாதாரண அலுவலகத் தரையைப்போல மூன்று மடங்கு சுமைக்குக் கணக்குப் போட்டுக் கட்டுவார்கள். அவ்வளவு பாரத்தை இரண்டு தளத்துக்கு மேலே ஏற்றி, மண்ணை வெட்டிச் சமன் செய்த சரிவின் ஓரத்தில் நிறுத்தப் போகிறீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் நம் மாவட்டத்தில் அப்படிக் கட்ட முடியாது. அந்த அனுமதி கேட்டாயிற்றா, அவர்கள் மண்ணைப் பார்த்தார்களா என்பதை அடுத்த அமர்விலாவது சொல்லுங்கள்.

பாரம் ஒருபக்கம் இருக்கட்டும். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு முன்னால் கிடைக்கும் இருபது நிமிடத்தில் பிள்ளைக்கு ஒரு புத்தகம் மாற்ற வருகிற அம்மா மூன்றாம் மாடிக்கு ஏறுவாரா? வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நூலகத்துறையில் எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது.

ரங்கநாதனைச் சொன்னதும் யாழ்ப்பாணம் நினைவுக்கு வருகிறது. அங்கே பொது நூலகத்தைக் கட்டும்போது அவரிடம்தான் ஆலோசனை கேட்டார்கள். வரைபடம் போட்டவர் மதராஸில் இருந்து வந்த நரசிம்மன். 1934இல் வாடகை அறை ஒன்றில், ஆயிரம்கூட இல்லாத புத்தகங்களோடு தொடங்கிய நூலகம் அது. சொந்தக் கட்டடம் 1959 அக்டோபர் 11இல் திறக்கப்பட்டது. வெள்ளைவெளேரென்ற சுவரும் நடுவில் குவிமாடமும் முன்னால் சரஸ்வதி சிலையுமாக, தூரத்தில் இருந்து பார்க்கும்போதே இது நம்ம இடம் என்று ஊர்க்காரருக்குத் தோன்றும்படி கட்டியிருக்கிறார்கள். பாடசாலைப் பிள்ளைகளோடு சுற்றுலா போனபோது, என் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது: "டீச்சர், உள்ளுக்கு நாங்களும் போகலாமா?" அப்பா நின்ற தூண் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்த நூலகம் 1981 மே 31 இரவு கொளுத்தப்பட்டு விடிவதற்குள் எரிந்துபோனதும், ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலானதும் தமிழ் பேசும் எல்லோருக்கும் தெரியும். கருகி நின்ற சுவர்களை நினைவுச்சின்னமாக அப்படியே விட்டுவிடலாம் என்றும் வாதம் இருந்தது. ஆனால் கடைசியில் பழைய தோற்றத்திலேயே திரும்ப எழுப்பினார்கள். எரிந்ததையே எழுப்பியிருக்கும்போது, நனைந்ததைக் காய வைப்பது நமக்கு அவ்வளவு பெரிய வேலையா?

கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகைக்குப் பக்கத்தில், குளத்தின் ஓரமாக நிற்கும் உல்பங்கேயைப் பார்த்திருப்பீர்கள். அரசிகள் குளித்த மண்டபம். வெள்ளைக்காரர் அதற்கு மேலே ஒரு தளம் எழுப்பி நூலகமாக்கினார்கள், பின்னாளில் பொலிஸ் நிலையமாகவும் இருந்தது. மூன்று வேலை பார்த்தும் கட்டடம் இன்னும் நிற்கிறது. நுவரெலியா தபாலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1894இல் சிவப்புச் செங்கல்லில் கட்டியது. அதைக் கைமாற்றப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் 48 மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். இத்தனைக்கும் அதுவும் வெள்ளைக்காரர் கட்டியதுதான். முத்திரை வாங்கி, பென்ஷன் எடுத்து, கடிதம் போட்டு அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டவர்கள் நம் சனங்கள்.

தொல்பொருள் திணைக்களம் இதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று அறிவிக்கவில்லையே என்று கேட்கலாம். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் புராதனச் சின்னத்துக்கு வைத்திருக்கும் எல்லை 1815 மார்ச் 2, அதாவது கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள். அதற்குப் பிந்தியதை அரச வர்த்தமானியில் தனியாக அறிவித்தால்தான் பாதுகாப்பு. இந்தத் தேதி என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது. நம் ஆட்கள் கோப்பிக்காகக் கூட்டிவரப்பட்டதே அதற்குப் பிறகுதான். 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தோமே, அந்த இருநூறு வருடமும் முழுசாகக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கிடக்கிறது. நாம் சுமந்த கல், போட்ட தண்டவாளம், வெட்டிய ரோடு எதுவும் தானாகப் புராதனம் ஆகாது. யாராவது கேட்க வேண்டும். சபை ஒரு தீர்மானம் போட்டுத் திணைக்களத்துக்கு எழுதலாம், தபால் செலவு மட்டும்தான்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். முதலில் அதிகம் செலவில்லாததைச் செய்யுங்கள். கூரைக் காற்றுவாய்களில் அடித்த பலகையைப் பிடுங்கிக் கம்பிவலை போடுங்கள். புகைக்கூண்டைத் திறந்து மேலே மழைத்தொப்பி வையுங்கள். நடைபாதை ஓரத்துச் சீமெந்தைச் சுவரில் இருந்து ஓரடி வெட்டியெடுத்து அங்கே ஒரு வடிகான் ஓட விடுங்கள். கூரைப்பீலியில் வளர்ந்து நிற்கும் அரசங்கன்றைப் பிடுங்க ஓர் ஏணி போதும். இவ்வளவையும் செய்து ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள். சீலிங், ஜன்னல், சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் அதற்குப் பிறகு காசைப் பார்த்துச் செய்யலாம்.

பழையபடியே எல்லாம் இருக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அந்த ஏழு படி எனக்குப் பிடிக்காது. சக்கர நாற்காலிக்காரரும், முழங்கால் தேய்ந்த என் வயதுக்காரர்களும், கைப்பிள்ளைக்காரர்களும் வர, மேட்டுப்பக்கத்தில் ரோட்டு மட்டத்துக்குச் சமமாக ஒரு வாசல் திறக்கலாம், அங்கே ஏற்கெனவே ஒரு பக்கக் கதவு பூட்டிக் கிடக்கிறது. மேல்தட்டில் இருக்கும் தமிழ்ப் புத்தகங்களைக் கை எட்டும் உயரத்துக்கு இறக்கலாம். பிள்ளைகளுக்கும் கணினிக்கும் இடம் போதாது என்பது உண்மை. பின்னால் பழைய வண்டிக்கொட்டகை இருந்த இடம் சும்மா கிடக்கிறது, அங்கே ஒரே தளமாகப் புதிதாகக் கட்டுங்கள். கடைகள் கட்ட டவுனில் வேறு இடமா இல்லை?

2023இல் இருந்து இரண்டு வருடத்துக்கு மேல் சபையே இல்லாமல் இருந்தோம். 2025 மே மாதம் வாக்குப் போட்டு உங்களைத் தெரிந்தெடுத்தோம். எங்கள் வாசலுக்கு வாக்குக் கேட்டு வந்தவர்கள் நீங்கள், அந்த உரிமையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அடுத்த அமர்வுக்கு முன்னால் ஒருநாள் எல்லோரும் சேர்ந்து வாசிகசாலைக்கு வாருங்கள். காலை ஒன்பது மணிக்குத் திறப்பார்கள், மழை பெய்கிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது. மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், பிறகு பூட்டிக் கிடக்கும் பக்க அறைக்குப் போங்கள். அந்த அறையைப் பழுதுபார்க்கக் காசு போதாமல் விட்டுவிட்டார்கள், ஆகவே மரத்தரையும் பழைய ஜன்னலும் பலகைச் சீலிங்கும் அங்கே அப்படியே இருக்கின்றன. அந்தச் சுவரிலும் கையை வையுங்கள். சாவி உதவியாளரிடம் இருக்கிறது. நான் கேட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்
(1973 முதல் உங்கள் நூலகத்தின் அங்கத்தவர்)